நாற்று சாகும் முன்பே பிடுங்குவதா?

அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் எப்படியும் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போய்விடுவார்கள், அவர்களை அழைத்துவிட்டுக் கலைக் கல்லூரிகள் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்கிறார் நண்பர். ஆகவே பழைய பதிவேடுகளைப் புரட்டி, வரமாட்டார் என்று தோன்றுகிறவரைக் கல்லூரியே முன்கூட்டிக் கழித்துவிட வேண்டுமாம். துணைக்குப் பாபநாசத்து விவசாயியையும் அழைக்கிறார்: நாற்று கொஞ்சம் சாகும் என்று தெரிந்துதானே அவர் கூடுதலாக விதை விடுகிறார்?

அந்த விவசாயியை நண்பர் அரைகுறையாகப் பார்த்திருக்கிறார். ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் விடுகிறவர், எது சாகும் என்று ஊகித்து எதையும் பிடுங்கி எறிவதில்லை. நட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரப்பில் நின்று பார்க்கிறார். பயிர் செத்த இடத்தில் மீந்த நாற்றை ஊன்றுகிறார். நண்பரின் உவமையே அவரை மறுக்கிறது.

எத்தனை பேரை அழைத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று கல்லூரிக்குத் தெரியாது. 1962-இல் கணித அறிஞர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தச் சிக்கலில்தான் தொடங்குகிறது. மாணவர் தன் விருப்ப வரிசையைத் தரட்டும், கல்லூரி தன் தரவரிசையைத் தரட்டும், இரண்டையும் பொருத்தினால் ஊகம் தேவையில்லை என்று காட்டினார்கள். 2012-இல் ஷாப்லிக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. நம் பொறியியல் கலந்தாய்வும் மாணவரின் விருப்பத்தைக் கேட்டுத்தான் இடம் தருகிறது. 2022-இல் நீட் முடிவு தாமதமானபோது, மருத்துவத்துக்குப் போகிறவர் யார் என்று ஊகிக்காமல் கலந்தாய்வையே தள்ளிவைத்தார்கள். இடம் பெற்றவர் ஏழு நாளில் பணம் கட்டாவிட்டால் அது காத்திருப்பவருக்குப் போகும் என்ற விதியும் அந்த ஆண்டுதான் வந்தது.

பதிவேடு யாரைக் கழிக்கும் என்று நண்பர் யோசித்தாரா? கபிஸ்தலத்து அரசுப் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெண், காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம் என்பதற்காகவே கும்பகோணத்தில் வேதியியல் படிக்க விரும்புகிறாள் என்று வையுங்கள். இவள் போய்விடுவாள் என்று பதிவேடு சொல்லும். பெயர் ஏன் விடுபட்டது என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. நன்றாகப் படித்ததற்கு இது தண்டனை. சான்றிதழைப் பிடித்துவைத்து மாணவரைக் கட்டிப்போடுவதும் இதே புத்திதான். பல்கலைக்கழக மானியக் குழு அதை 2018-இலேயே தடுத்துவிட்டது.

காலியிடம் இழப்புதான், மறுக்கவில்லை. அதற்குப் பணம் கட்டும் கெடுவைச் சுருக்குங்கள், இன்னொரு சுற்று நடத்துங்கள். எந்தப் பாடத்தில் எத்தனை இடம் மீந்திருக்கிறது என்று வாரந்தோறும் கல்லூரி வாசலில் எழுதி ஒட்டுங்கள். காத்திருக்கும் பிள்ளைகள் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து நிற்பார்கள்.