வெள்ளி மூலிகையல்ல

வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் வேப்பிலைச் சாற்றை விட்டால் நிறம் பழுப்பாகும். சாற்றிலுள்ள பொலிபீனோல் போன்ற சேர்வைகள் வெள்ளி அயன்களை நனோ துணிக்கைகளாக்குகின்றன. மலிவான, அழகான வேதியியல்தான். ஆனால் 'தாவரத்திலிருந்து பெறப்பட்டது' என்ற பெயரோடு கடைக்கு வந்தால் சனம் அதை மூலிகை என்றே நம்பும். கிருமியைக் கொல்வது பெரும்பாலும் வெள்ளி. இலை அதை உருவாக்க உதவியது, அவ்வளவே.

வன்னியில் இந்த வெள்ளி மருந்து யாருக்குத் தேவை? போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, சிறுநீர்க் குழாயான கதீற்றரோடும் படுக்கைப் புண்ணோடும் காலம் கழிப்பவர்களுக்கு. தொடர்ந்து பொருத்தியிருக்கும் குழாயில் ஒரு மாதத்துக்குள் பற்றீரியா குடியேறுவது ஏறத்தாழ நிச்சயம். அவை தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக ஒட்டி உயிர்ப்படலமாகிவிடும். பிறகு வழக்கமான அளவு அன்ரிபயோற்றிக் அவற்றை முழுதாக அழிப்பதில்லை. புரோற்றியஸ் என்ற பற்றீரியா இன்னும் பொல்லாதது. யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கி, படிகங்களால் குழாயையே அடைத்துவிடும். சாமத்தில் குழாய் அடைத்து ஓட்டோ தேடிய குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை.

ஆகவே ஆய்வு வேண்டும். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது; கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. ஆனால் அகார் தட்டில் பற்றீரியா வளராமல் விழும் தெளிந்த வட்டத்தை அளந்து கட்டுரை வெளியிடுவதோடு நின்றால் நோயாளிக்கு ஒன்றும் கிடைக்காது. பிரித்தானியாவின் 24 வைத்தியசாலைகளில் 7,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் வெள்ளிக் கலப்புலோகம் பூசிய கதீற்றரும் சேர்க்கப்பட்டது. குறுகிய காலப் பாவனையில் அது தொற்றைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று 2012இல் முடிவு வந்தது. வெள்ளியை எதிர்த்து நிற்கும் பற்றீரியாவும் புதிதல்ல. அமெரிக்கத் தீக்காய விடுதியொன்றில் 1970களிலேயே கண்டறியப்பட்டது.

எமது நோயாளரின் குழாய்களிலிருந்து, அவர்களின் சம்மதத்தோடு, எடுத்த பற்றீரியாவைச் சிறுநீரில் படலமாக வளர்த்து, வெள்ளி நனோ துணிக்கைகளை அதன்மீது சோதியுங்கள். அதே அளவு வெள்ளி மனிதக் கலங்களை என்ன செய்கிறது என்பதையும், கழிவுநீரோடு குளத்துக்குப் போனால் மீனுக்கு என்னாகும் என்பதையும் பாருங்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி கிடைக்கும்வரை, புண்ணுக்கென்று நனோ எண்ணெயோ களிம்போ விற்க எவரையும் விடக்கூடாது.

ஆய்வு முடிய ஆண்டுகள் செல்லும். குழாய் மாற்றும் நாள் அதுவரை காத்திருக்காது. தரமான சிலிக்கோன் கதீற்றர்களும், வீடுதேடிச் சென்று அவற்றை மாற்றும் தாதியரும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தால் இப்போதே கொடுக்கக்கூடியவை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இவற்றுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.