‘பொறு’ என்று சொல்லும் கம்பியைக் கட்டிப்போடாதீர்கள்

ஈப்போவுக்குச் சிப் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கார்செம் இங்கே 1972இல் தொடங்கியது. சிம்பாங் பூலாயில் யூனிசெம் இருக்கிறது. வெளியே செய்து வரும் சிலிக்கன் தட்டுகளை அறுத்து, காலும் உறையும் போட்டு, சோதித்து அனுப்புவது இவற்றின் வேலை. உலகின் சிப் பொதியிடல், சோதனை வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்பது அமைச்சர்கள் மேடைதோறும் சொல்லும் கணக்கு. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி என்ற இலக்கையும் வைத்திருக்கிறது. எண்ணிக்கை நல்லதுதான். அந்த 60,000 பேரில் பழுதின் மூலத்தைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேராக இருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. அதை அளக்கப் பெரிய தேர்வு எதுவும் தேவையில்லை. மைக்ரோகண்ட்ரோலரின் சீரியல் தொடர்பில் தகவல் விட்டுவிட்டுத் தொலையும்போது, பயிற்சி பெற்றவரின் கை முதலில் எங்கே போகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டு சிப்புகள் பேசிக்கொள்ள, அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, பொதுவாக ஒரு கிரவுண்ட் கம்பி இருந்தால் போதும் என்றுதான் பெரும்பாலான பட்டறைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இன்னும் இரண்டு கம்பிகள் உண்டு: ஆர்டிஎஸ், சிடிஎஸ். வாங்கும் பக்கம் தன் ஆர்டிஎஸ் வழியாக ‘அனுப்பு’ அல்லது ‘பொறு’ என்று சொல்லும். அனுப்பும் பக்கம் அதைத் தன் சிடிஎஸ்ஸில் கேட்டு நடக்கும். ரப்பர் தோட்டத்தில் பால் வாளிகளோடு வரிசையில் நிற்பவர்களைத் தராசடியில் கிராணி கைகாட்டி நிறுத்துவது போன்ற ஏற்பாடுதான் இது. தொட்டி நிரம்பியதைச் சொல்ல ஆள் இல்லையென்றால் பால் தரையில் ஓடும். கணக்கைப் பார்த்தால் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பது புரியும். 115200 பாட் வேகத்தில் நொடிக்கு 11,520 பைட் வந்து விழுகிறது. அர்டுயினோ ஊனோ பலகை வந்ததைத் தாங்கி வைத்திருக்கும் இடமோ (பஃபர்) 64 பைட். ஐந்தரை மில்லிநொடியில் நிரம்பிவிடும். அந்த நேரத்தில் பலகை எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒரு எழுத்து வேலைக்கு 250 மில்லிநொடி வரை கார்டு காக்கவைக்கலாம் என்று அதன் தரநிலையே இடம் தருகிறது. அந்தக் கால் நொடிக்குள் 2,880 பைட் வாசலில் வந்து நிற்கும்.

இந்தப் பழுதுக்கு நம் பக்கத்தில் மூன்று கைவைத்தியங்கள் நடமாடுகின்றன. வேகத்தை 9600க்கு இறக்குவது ஒன்று. நிரலில் ஆங்காங்கே தாமதம் போடுவது இன்னொன்று. மூன்றாவதுதான் மோசம்: சிடிஎஸ் காலைக் கிரவுண்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டு ‘இப்போது ஓடுகிறது’ என்று கை கழுவுவது. மூன்றுமே மேசை மேல் வேலை செய்வதுபோல் தோன்றும். அங்கே அனுப்பிப் பார்க்கும் செய்தி இரண்டு வரிதான். அது 64 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் 9600இலும் நொடிக்கு 960 பைட் வருகிறது. கார்டு கால் நொடி காக்கவைத்தால் 240 பைட். இடம் இருப்பது 64க்குத்தான். வேகத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தும் பழுது போகவில்லை, எப்போதாவது வருவதாக மாறியிருக்கிறது, அவ்வளவே. எப்போதாவது வரும் பழுதைப் பிடிப்பது எப்போதும் வரும் பழுதைப் பிடிப்பதைவிடப் பல மடங்கு கடினம் என்பது பட்டறையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். சிடிஎஸ்ஸைக் கிரவுண்டில் கட்டுவதன் பொருளும் இதுதான்: ‘அனுப்பு, அனுப்பு’ என்ற ஒரே பதில் என்றைக்குமாக எழுதிவைக்கப்படுகிறது.

சரியான வழி கேள்விகளை வரிசையாகக் கேட்பது. முதல் கேள்வி, தொலைந்தது நிரம்பி வழிந்ததாலா அல்லது தவறாகப் படித்ததாலா என்பது. எஸ்டிஎம்32 போன்ற சிப்புகளில் இரண்டுக்கும் தனித்தனிக் கொடிகள் நிலைப் பதிவேட்டில் இருக்கின்றன. வழிந்துபோனால் ஓவர்ரன் கொடி எழும். இரு பக்க வேகமும் ஒத்துப்போகாவிட்டால் ஃபிரேமிங் கொடி எழும். இரண்டாவது வகைப் பழுதுக்கு ஆர்டிஎஸ்ஸும் சிடிஎஸ்ஸும் எந்த மருந்தும் ஆகாது. அந்த ஒரு பதிவேட்டைப் படிக்காமல் நாள் கணக்கில் கம்பியை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் பலர். அடுத்து, கம்பி இருந்தால் மட்டும் போதுமா? சிம்800 போன்ற ஜிஎஸ்எம் மாட்யூல்களில் இந்தக் கட்டுப்பாடு ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும்; ஏடி+ஐஎஃப்சி=2,2 என்ற கட்டளை கொடுத்தால்தான் மாட்யூல் கம்பியைக் கவனிக்கும். பிறகு மல்டிமீட்டர். 3.3 வோல்ட் பலகையில் சும்மா இருக்கும்போது ஆர்டிஎஸ் தாழ்ந்திருந்தால் ‘அனுப்பலாம்’, உயர்ந்திருந்தால் ‘பொறு’. பழைய ஆர்எஸ்-232 கம்பியிலோ நேர் மின்னழுத்தம்தான் ‘அனுப்பலாம்’. எங்கும் இணைக்காமல் தொங்கும் சிடிஎஸ் பக்கத்துக் கம்பியின் இரைச்சலையே ஆணையாக எடுத்துக்கொண்டு ஆடும்.

இணைப்பில் வரும் குழப்பத்துக்குக் கற்பவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 1960இல் ஆர்எஸ்-232 தரநிலை வந்தபோது கணினி மோடத்திடம் ‘நான் பேசலாமா’ என்று கேட்கும் கம்பியாகத்தான் ஆர்டிஎஸ் இருந்தது. ‘பேசு’ என்று மோடம் சிடிஎஸ்ஸில் பதில் சொல்லும். இருபக்கமும் ஒரே நேரத்தில் பேசும் மோடங்கள் வந்தபின் அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமல் போய், அதே கம்பி ‘நான் வாங்கத் தயார்’ என்று சொல்லத் தொடங்கியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் தரநிலை இந்தப் புது வேலையை ஏற்றுக்கொண்டது. அதற்குள் பழைய பெயர் எல்லாச் சிப்பின் காலிலும் பொறிக்கப்பட்டாயிற்று. இதனால் சில பலகைகளில் ஆர்டிஎஸ்ஸை ஆர்டிஎஸ்ஸோடு நேராக இணைக்க வேண்டியிருக்கிறது, பெரும்பாலானவற்றில் குறுக்காக. பெயரைப் பார்த்து இணைக்காமல், அந்தக் கால் சொல்வதா கேட்பதா என்று தரவுத்தாளில் பார்த்து இணைக்கச் சொல்லிக்கொடுத்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

அனுபவசாலிகளையும் ஏமாற்றும் ஒரு நிலைமை உண்டு. கம்பி சரி, அமைப்பு சரி, அலைவடிவமும் சரி; தகவல் மட்டும் தொலைகிறது. உள்ளே, செயலியைத் தொந்தரவு செய்யாமல் தகவலை நேராக நினைவகத்துக்கு நகர்த்தும் டிஎம்ஏ ஓடிக்கொண்டிருக்கும். வன்பொருள் தானாகவே இயக்கும் ஆர்டிஎஸ் கவனிப்பது சீரியல் பகுதியின் சின்னப் பதிவேட்டை மட்டும்தான். அதில் விழும் ஒவ்வொரு பைட்டையும் டிஎம்ஏ மறுகணமே அள்ளி நினைவகத்து வட்ட பஃபரில் போட்டுவிடுகிறது. பதிவேடு எப்போதும் காலி. ஆகவே ஆர்டிஎஸ் ஒருபோதும் ‘பொறு’ என்று சொல்வதில்லை. நிரம்பி வழிவது வட்ட பஃபர், அதைப் பார்ப்பதற்கு ஆள் இல்லை. ஓவர்ரன் கொடியும் எழாது. இந்த இடத்தில் வன்பொருளை நம்பாமல், பஃபர் முக்கால்வாசி நிரம்பியதும் நிரலே ஆர்டிஎஸ்ஸை உயர்த்த வேண்டும். முக்கால் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ‘பொறு’ என்று சொன்ன மறுகணமே எல்லா அனுப்புநரும் நிற்பதில்லை; ஏற்கெனவே கிளம்பிவிட்ட சில பைட்டுகள் வந்தே தீரும். ஈஎஸ்பி32இன் 128 பைட் இடத்தில் 120க்கு மேல் எல்லைக்கோடு போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

‘இதெல்லாம் பழைய காலத்துக் கவலை, பஃபரைப் பெரிதாக்கினால் போச்சு’ என்பார்கள். பெரிய பஃபர் சிறு நெரிசலைத் தாங்கும். வருவது சராசரியாகவே படிப்பதைவிட அதிகம் என்றால், வழியும் நேரத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. பழைய காலத்தது என்பதும் சரியல்ல: புளூடூத் சிப்பைச் சீரியல் வழியாக இணைக்கும் தரநிலை இன்றும் ஆர்டிஎஸ், சிடிஎஸ்ஸைக் கேட்கிறது. ‘செக்சம் போட்டு, வந்து சேர்ந்ததா என்று பதில் வாங்கினால் போதாதா’ என்ற மறுப்பில் வலு அதிகம். இரண்டு பக்க நிரலும் நம் கையில் இருந்தால் அது நல்ல வழி, சில இடங்களில் இதைவிடச் சிறந்த வழியும்கூட. விலைக்கு வாங்கிய மாட்யூலின் உள்நிரல் நம் கையில் இல்லையே. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை அனுப்பும் கருவிக்கு இதில் எதுவும் வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலான ஜிபிஎஸ் மாட்யூல்களை நிறுத்தச் சொல்லக் கம்பியே கிடையாது; அங்கே வேகமாகப் படிப்பது ஒன்றே வழி. எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று காரணத்தோடு சொல்லத் தெரிவதுதான் பயிற்சி. ‘ஆசிலோஸ்கோப்புக்குப் பணம் ஏது’ என்ற பேச்சும் எழும். ஆர்டிஎஸ் காலில் ஒரு எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் வைத்து, வாங்கும் நிரலை வேண்டுமென்றே சில நொடி உறங்கவைத்தால், விளக்கு மாறுகிறதா, அனுப்புவது நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். சில காசு செலவு.

நாளிதழில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது பட்டணத்துக்கு வந்த குடும்பங்களில் பலருக்குத் தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலைதான் கிடைத்தது. ஆபரேட்டரை டெக்னீஷியனிடமிருந்து பிரிக்கும் கோடு சான்றிதழ் மட்டுமல்ல. இயந்திரம் நின்றால் ஏன் நின்றது என்று சொல்லத் தெரிவதும்தான். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்ப்பள்ளியிலேயே மைக்ரோபிட்டும் அர்டுயினோவும் தொடுகிறார்கள், புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்குகிறார்கள். நாளிதழில் படம் வருகிறது, நமக்கும் பெருமையாக இருக்கிறது. அந்தக் கருவி அடுத்த மாதமும் ஓடுகிறதா என்று கேட்பவர் இல்லை. நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969இலிருந்து ஈப்போவில்தான் இருக்கிறது. திவெட் எனும் தொழில்நுட்பத் தொழிற்கல்விக்கு அரசாங்கம் பணமும் ஒதுக்குகிறது. ஓடும் கருவியைச் செய்துகாட்டு என்று கேட்கும் பாடத்திட்டத்தில், ஓடாத கருவியைக் கையில் கொடுத்துக் காரணம் கண்டுபிடி என்று கேட்கும் சில மணி நேரத்தையும் சேர்த்தால் யாருக்கும் நட்டம் இல்லை.

போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்களிடமும், சனிக்கிழமைப் பட்டறை நடத்தும் இயக்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மாணவர் தன் கருவியைக் காட்டும்போது, வாங்கும் பக்கத்தைப் பத்து நொடி நிறுத்தச் சொல்லுங்கள். மறுபடி ஓடவிட்டு, நடுவில் எத்தனை வரி தொலைந்தது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அதன் பிறகு போடுங்கள்.