இருபது வயதுக் காற்றாடி

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றால் மனிதனுக்கு வேதாந்தம் வந்துவிடும் என்று நினைத்தேன். வேதாந்தம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சாலையின் இரு புறமும் மோட்டார்க் கம்பெனிகள். மதிலுக்கு அப்பால் மதில், விளக்குக்கு அப்பால் விளக்கு. பட்டப் பகலிலும் அணைக்க மறந்த விளக்குகள் சில எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில்தான் அன்று காலை எங்கள் உறவினர் வீட்டு விசேஷம். ஊரின் பெயர் வேண்டாம். பந்தியிலிருந்து எழுந்து கை அலம்பப் போனேன். குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை.

ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் என்னோடுதான் பஸ்ஸுக்கு நின்றார். விசாரித்தேன்.

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது ஐயா. முன்னெல்லாம் ரெண்டு வேளை போடுவோம், இப்ப ஒரு வேளைதான். கரண்டு பில்லு கட்டி மாளல. இன்னா பண்றது?"

"எதிரே இத்தனை கம்பெனி இருக்கிறதே, அவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள்?"

"அவங்களுக்கு இன்னா ஐயா! எங்கேயோ திருநெல்வேலிப் பக்கம் காத்தாடி வெச்சிக்கினு கீறாங்களாம். காத்து அங்க அடிக்குது, கரண்டு இங்க எரியுது. நாம காத்துக்கு எங்க போறது?"

மனிதர் பொருளாதாரம் படித்தவர் இல்லை. ஆனால் மின்சார இலாகாவின் தடித்த புத்தகங்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் தயாரிக்க எவருக்கும் லைசென்ஸ் தேவையில்லை. 2005இல் வந்த விதிகள் இன்னும் தாராளம். பலர் கூட்டாகச் சேர்ந்து ஒரு மின் நிலையத்தில் 26 சதவீதப் பங்காவது வைத்துக்கொண்டு, அதில் உற்பத்தியாவதில் 51 சதவீதத்தையாவது எடுத்துக்கொண்டால், அது அவர்களுடைய சொந்த மின்சாரம் என்றே கணக்கு. நிலையம் எங்கே இருந்தால் என்ன? கம்பி இருக்கிறது, கம்பிக்குக் கூலி கொடுத்தால் போயிற்று. இப்படித்தான் முப்பந்தல் கணவாயில் வீசும் காற்று நூறு காத தூரம் தாண்டி வந்து ஆலை யந்திரங்களைச் சுழற்றுகிறது. தவறென்று நான் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஒரு பட்டிக்காடு காட்டினால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. காட்டிய பட்டிக்காடு ஒன்று இருக்கிறது.

கோயம்புத்தூர் ஜில்லாவில், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற வழியில், நீலகிரியின் காலடியில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. பவானி ஆற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வந்தது, கூடவே பில்லும் வந்தது. மாதம் இரண்டாயிரமாக இருந்த மின்கட்டணம் ஐம்பதாயிரத்தை எட்டியது. அப்போது தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம், 1996 முதல் 2006 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். நம் ஒரகடத்து நண்பரைப் போல மோட்டாரை ஒரு வேளையாகக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. தெரு விளக்குச் சிலவற்றைச் சூரிய வெளிச்சத்துக்கு மாற்றினார். மரக்கழிவை எரித்து வாயுவாக்கி மோட்டாரை ஓட்டும் 9 கிலோவாட் யந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டார். அதுவும் போதாமல், சொந்தமாக ஒரு காற்றாலையே வாங்குவது என்று ஊராட்சி முடிவு செய்தது.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓடந்துறையில் காற்றாலை ஓட்டுகிற அளவுக்குக் காற்றுக் கிடையாது! "நாம காத்துக்கு எங்க போறது" என்று கைவிரிக்க ஒரகடத்துக்கு எவ்வளவு நியாயம் உண்டோ, அவ்வளவு நியாயம் ஓடந்துறைக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் கைவிரிக்காமல், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் மைவாடியில் காற்று இருக்கிறதென்று கண்டு, அங்கே போய் நட்டார்கள். 350 கிலோவாட் யந்திரம். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், பாக்கி 1 கோடியே 15 லட்சம் பாங்கிக் கடன். 2006இல் இறக்கை சுழன்றது. ஆண்டுக்கு ஏறக்குறைய 6¾ லட்சம் யூனிட் உற்பத்தி. ஊருக்குத் தேவை 4½ லட்சம். மிச்சத்தை மின்வாரியம் விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தக் காசிலேயே பாங்கிக் கடனையும் அடைத்தார்கள். எந்தச் சீமானுடைய தர்மமும் இல்லை. வெளிநாட்டுத் தூதுவர் யாரும் வந்து ரிப்பன் வெட்டி உபகாரம் செய்யவும் இல்லை.

அதே 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு திறப்பு விழா நடந்தது. நோக்கியா என்ற பின்லாந்துக் கம்பெனி செல்போன் தொழிற்சாலை திறந்தது. அதற்கு முந்திய ஆண்டே சர்க்கார் ஒப்பந்தம் போட்டு, நிலம் கொடுத்து, வரிச் சலுகை கொடுத்து வரவேற்றது. உச்ச காலத்தில் 8,000 பேர் அளவில் வேலை பார்த்தார்கள். அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ பெண்கள் முதல் சம்பளம் கண்டது அங்கேதான். 2014 நவம்பர் முதல் தேதி கதவை மூடினார்கள். எட்டே ஆண்டு. அந்தப் பெண்கள் சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பீர்கள். ஒன்று ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட தொழிற்சாலை; மற்றது ஒற்றைக் காற்றாடி. அளவை ஒப்பிடவில்லை ஐயா, மரியாதையை ஒப்பிடுகிறேன். பெரிய முதலீட்டாளர் வந்தால் எல்லா அனுமதியும் ஒரே ஜன்னலில் கிடைக்க 2018இல் சட்டமே போட்டிருக்கிறோம். ஊராட்சி வந்தால் எந்த ஜன்னல்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காற்றாலைகளுக்கு இருபது வயது ஒரு கண்டம். 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு மந்திரிசபை மூன்று கொள்கைகளுக்கு ஒரே மூச்சில் ஒப்புதல் கொடுத்தது. நீரேற்று மின் நிலையங்களுக்கு ஒன்று, சிறு நீர்மின் நிலையங்களுக்கு ஒன்று, பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கு ஒன்று. மூன்றாவதின்படி, இருபது ஆண்டு நிறைந்த காற்றாடியைக் கழற்றிவிட்டுப் புதிது நட வேண்டும், அல்லது பழுது பார்த்து மேம்படுத்த வேண்டும், அல்லது ஆயுள் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு அபிவிருத்திக் கட்டணம் என்று மெகாவாட்டுக்கு 30 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள். பஞ்சாலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உயர் நீதிமன்றத்தின் படியேறினார்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார்.

2006உடன் இருபதைக் கூட்டிப் பாருங்கள். 2026 வருகிறது. ஓடந்துறைக் காற்றாடிக்கு வயது வந்துவிட்டது. அறிவித்த வீதத்தில் கணக்குப் போட்டால் 350 கிலோவாட்டுக்குப் பத்தரை லட்சம். பல கோடி புரட்டுகிற ஆலைக்கு அது ஒரு நாள் டீச் செலவு. குழாய் வரி, வீட்டு வரி வசூலித்து ஜீவிக்கும் ஊராட்சிக்கு எத்தனை தெருக் குழாய், எத்தனை விளக்கு என்று எண்ணிப் பார்க்க வேண்டிய தொகை.

சட்டத்தில் மின் உற்பத்திக்கு லைசென்ஸ் இல்லை என்றேன். உண்மைதான். முன் வாசலில் லைசென்ஸை ஒழித்துவிட்டு, கொல்லைப்புறமாக அதையே இணைப்பு அனுமதி, ஒப்பந்தம், நீட்டிப்பு, கட்டணம் என்று நான்கு பெயரில் கூட்டிக்கொண்டு வந்தால், ஊர்க்காரன் அதை என்னவென்று சொல்வான்? லைசென்ஸ் என்றுதான் சொல்வான்.

சர்க்கார் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது எனக்குப் பிடிக்காது. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் ஆரம்பித்த காற்றாலைத் தொழில் இன்று பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. முதலில் வந்தவர்கள் நல்ல காற்றுள்ள இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு, 225, 250, 350 கிலோவாட் என்று குட்டி யந்திரங்களை நட்டார்கள். இன்று ஒரே கம்பத்தில் இரண்டு, மூன்று மெகாவாட் எடுக்கலாம். கிழட்டுக் காற்றாடி நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது நாட்டுக்கு நஷ்டம் என்கிறார்கள். சரியான பேச்சு. நானே கை தூக்குகிறேன்.

ஆனால் இந்தப் பேச்சு யாரைப் பார்த்துப் பேசப்படுகிறது? ஆலை முதலாளி பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது நட பாங்கி கடன் கொடுக்கும். ஊராட்சிக்கு இரண்டு மெகாவாட் யந்திரம் வாங்கப் பல கோடி யார் தருவார்? ஆகவே பொதுவான விதி, பொதுவாக நடக்கிற மாதிரி, இருப்பவனுக்குப் படிக்கட்டாகவும் இல்லாதவனுக்குச் சுவராகவும் ஆகிவிடும். பழைய இடத்தில் பெரிய யந்திரம் வரட்டும், தாராளமாக வரட்டும். அதில் அந்த ஊராட்சிக்கும் பங்கு கொடுங்கள். கம்பெனிகள் 26 சதவீதப் பங்கு வைத்துச் சொந்த மின்சாரம் என்று சொல்லிக்கொள்ளலாமென்றால், நிலமும் இருபது வருஷ அனுபவமும் உடைய ஊராட்சி ஏன் சொல்லிக்கொள்ளக் கூடாது? அதுவரையில் பழைய காற்றாடி ஓடுகிற வரை ஓடட்டும். யந்திரத்துக்கு ஆபத்தில்லை என்று இஞ்சினீயர் கையெழுத்துப் போட்டால் போதாதா? பத்தரை லட்சம் எதற்கு?

இந்த அவஸ்தை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஆற்றோரத்துச் சிற்றூர்கள் பல, சொந்தமாக நீர்மின் நிலையம் வைத்து விளக்கேற்றுகின்றன. 1920இல் போட்ட சட்டப்படி லைசென்ஸ் அதிகபட்சம் ஐம்பது ஆண்டுக்கு. முடிவதற்கு ஐந்து ஆண்டு முன்பே புதுப்பிக்கப் போகிறோமென்று எழுதிக் கொடுத்து, மீன் ஆராய்ச்சி, மண் ஆராய்ச்சி என்று வரிசையாகச் செய்து காட்ட வேண்டும். ஆராய்ச்சிக்காரருடைய கூலி, பெரிய கம்பெனி என்றும் சிற்றூர் என்றும் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் நகரசபைகளுக்கும் சிற்றூர்களுக்கும் முன்னுரிமை என்று அந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்து இருந்தது. 1986இல், புதுப்பிக்கும் சமயத்தில் அந்த முன்னுரிமை கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். கெடு முடிந்தும் தீர்ப்பு வராவிட்டால், பழைய நிபந்தனைப்படியே ஆண்டுக்காண்டு ஓட்டிக்கொள்ள லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பைல் தூங்குகிறதென்பதற்காக டர்பைனும் தூங்க வேண்டியதில்லை.

பக்கத்தில் இலங்கையில் வேறொரு மாதிரி. மலை ஊர்களில் மக்கள் சங்கம் சேர்த்து, ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, நூற்றுக்கணக்கான குட்டி மின் நிலையங்கள் அமைத்தார்கள். சர்க்கார்க் கம்பி ஊருக்குள் வந்ததும் பல நிலையங்கள் துருப்பிடித்தன. பெரிய கம்பி சின்னக் கம்பியோடு பேச மாட்டேன் என்றது.

ஓடந்துறைக்கு இதைவிடச் சங்கடம் ஒன்று உண்டு. கோயம்புத்தூர் ஜில்லா உள்ளிட்ட பெரும்பாலான ஜில்லாக்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. உடனே தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களை நியமித்தார்கள். 2016 முதல் 2019 வரையிலும் இதே கதைதான். காற்றாடியின் இருபதாம் ஆண்டு நெருங்கிவருகிற சமயம் பார்த்து, ஊருக்காகப் பேசவேண்டிய நாற்காலியில் ஊர் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாமல் போயிற்று. தனி அலுவலர் நல்லவராக இருக்கலாம். அவருக்குப் பத்து ஊராட்சி, நூறு பைல். சர்க்காரிடம் சண்டை போடச் சர்க்கார் சிப்பந்தியையே அனுப்புவதென்பது, பெண் வீட்டுக்காரரையே மாப்பிள்ளைத் தோழனாக உட்கார வைப்பது போல. மில்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஓடந்துறை எங்கே போகும்?

எனக்குத் தோன்றுகிறது இதுதான்: ஊராட்சிக்குச் சொந்தமான மின் நிலையத்துக்கு, காற்றானாலும் நீரானாலும் வெயிலானாலும், நீட்டிப்புக் கட்டணம் கிடையாது என்று அந்தக் கொள்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வரி. அதில் சர்க்கார் கஜானா காலியாகிவிடாது. ஏனென்றால் அப்படிப்பட்ட ஊராட்சிகளைத் தேடிப் பிடிக்க விளக்கு வேண்டும். அந்த வரி இருந்தால் நாளைக்கு இன்னும் நாலு ஊர் துணியும். நிலத்தைக் கொடுத்துவிட்டு மதிலுக்கு வெளியே நிற்கிற ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஊர்களே துணியலாம். கம்பெனிகளிடமிருந்து ஊராட்சிக்கு வருகிற வரியை வைத்துக்கொண்டு, நாலைந்து ஊராட்சி சேர்ந்து தெற்கே ஒரு காற்றாடியில் பங்கு வாங்க முடியாதா? மதிலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு முடிகிறதே!

இதையெல்லாம் அந்த மோட்டார்க்காரரிடம் கொஞ்சம் ஆவேசமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் நகர்ந்து நின்றார்கள். அவர் மட்டும் பொறுமையாகக் கேட்டார். தலைவர், சர்க்கார், கொள்கை எதைப் பற்றியும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"மெய்யாலுமே அந்தப் பஞ்சாயத்து கடனை அடைச்சிட்டாங்களா ஐயா?"

"அடைத்துவிட்டார்கள்."

"காத்தில்லாத ஊருன்னீங்களே?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் எதிரே இருந்த மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பஸ் வந்துவிட்டது. ஏறுகிறபோது பின்னாலிருந்து கூப்பிட்டு, "அந்த ஊருக்கு எப்டி ஐயா போறது?" என்றார். சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து ஊட்டி ரோடு என்று படியில் நின்றபடியே கத்தினேன். கண்டக்டர் என்னை உள்ளே தள்ளி விசில் கொடுத்தார்.