மூட்டை கட்டும் 'டார்'

ராஜபாளையத்தில் மில் கணக்கு எழுதும் மச்சான், கம்ப்யூட்டரில் பத்து வருஷ ஃபைல்களை 'டார்' கட்டளையால் ஒரே மூட்டையாக்கி வைத்திருக்கிறார். 1979-லேயே யூனிக்ஸில் வந்த சரக்கு. 'சி' அடித்தால் கட்டும். 'எக்ஸ்' அடித்தால் பிரிக்கும். சுருக்கணுமென்றால் 'இஸட்' சேர்க்கணும்.

"பாலைச் சுண்டக் காய்ச்சுற மாதிரியா மாப்ளே?"

"ஆமா மச்சான். ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத் திரும்பப் பாலாக்க முடியாது. இதுல ஒரு சொட்டுக் குறையாம வரும்."

விபரீதம் வேறு இடத்தில். பிரிக்கும்போது 'எக்ஸ்'ஸுக்குப் பதில் 'சி' அடித்து, மூட்டைப் பெயரோடு ஒரு ஃபைல் பெயரும் கொடுத்தீர்களோ, போச்சு! பத்து வருஷத்தை அழித்துவிட்டு அந்த ஒரு ஃபைலைக் கட்டி வைக்கும். கேள்வியே கேட்காது. ஃபைல் பெயர் தராவிட்டால் மட்டும், 'காலி மூட்டை கட்டக் கோழைத்தனமாக மறுக்கிறேன்' என்று குனு டார் பின்வாங்கும். (நிஜமாகவே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்!)

மச்சான் அன்றே இன்னொரு காப்பி எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிட்டார்.