பெண்ணும் மூக்குக் கண்ணாடியும்

கிட்டப் பார்வை இன்னதென்று தெரியாமலேயே அதை ஒரு குறையாகவும், வெட்கத்திற்குரியதாகவும் கருதி மறைத்து வருகிறவர்கள் நம் மக்களில் ஏராளமாய் இருக்கிறார்கள். அதிலும் பெண் குழந்தையாய் இருந்துவிட்டாலோ கேட்க வேண்டியதில்லை. கரும்பலகை எழுத்துத் தெரியவில்லையென்று அக்குழந்தை சொன்னால், "இப்போதே கண்ணாடி போட்டால் நாளைக்கு எவன் கட்டுவான்?" என்கின்ற கேள்விதான் பல வீடுகளில் முதலில் பிறக்கின்றது. பெண்ணுக்குக் கண் தெரிய வேண்டுமே என்கின்ற கவலை அதற்குப் பிறகுதான் வருகின்றது. சில வீடுகளில் வருவதே இல்லை.

நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண் வெள்ளெழுத்து வந்து கண்ணாடி போட்டுக்கொண்டால் அவருக்கு மரியாதை கூடுகின்றது. பொருத்தம் பார்க்கின்ற ஜோசியரோ கண்ணாடியை மாட்டாமல் ஜாதகத்தைப் பிரிப்பதில்லை. அவர் கண்ணாடி போட்டுப் பார்த்துச் சொன்ன பொருத்தத்தை, பெண்ணின் மூக்கிலிருக்கும் கண்ணாடி கெடுத்துவிடும் என்றால் இதைவிட வேடிக்கை வேறென்ன இருக்க முடியும்?

கிட்டப் பார்வை என்பது தலைவிதியுமல்ல, முன்ஜென்மப் பாவமுமல்ல, யாருடைய திருஷ்டியுமல்ல. கண் உருண்டை முன்பின்னாகச் சற்று நீண்டுவிடுவதால், தூரத்திலுள்ள பொருளின் உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகின்றது. அவ்வளவுதான் சங்கதி. குழிவில்லையானது ஒளியைச் சற்று விரித்து அனுப்பி, உருவத்தைத் திரையிலேயே விழச் செய்கின்றது. கெப்ளர் என்னும் வான சாஸ்திரி இதை 1604லேயே விளக்கி எழுதிவிட்டார். சென்னையில் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி 1819லேயே ஏற்பட்டுவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், கோவிலுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகிறவர்கள் பெண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்க யோசிப்பார்களானால், கல்லின் கண்ணுக்கு உள்ள யோக்கியதை பெற்ற பெண்ணின் கண்ணுக்கு இல்லை என்பதுதானே அர்த்தம்?

கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று பயமுறுத்துகிறார்கள். வளருகின்ற வயதில் கண்ணும் நீளுவதால் பவர் ஏறுகின்றதே ஒழிய, கண்ணாடியால் அல்ல. 2002ல் வெளியான மலேசிய ஆராய்ச்சி ஒன்றில், வேண்டுமென்றே பவர் குறைத்துக் கண்ணாடி கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப் பார்வை அதிகமாய் ஏறியது. தாய்ப்பாலும், விளக்கெண்ணெயும், இலைச்சாறும் கண்ணில் விட்டால் நீண்ட உருண்டை சுருங்காது. கண்ணில் புண் வந்தாலும் வரும். முருங்கைக் கீரை மாலைக்கண்ணுக்கு நல்லது. கிட்டப் பார்வையைப் போக்காது.

பின் எதுதான் உதவும்? சீனாவின் குவாங்சோ நகரில் 2010 முதல் 12 பள்ளிக்கூடங்களில் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் சிறு குழந்தைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருஷத்தில் மற்றப் பள்ளிகளில் நூற்றுக்குச் சுமார் 40 குழந்தைகளுக்குக் கிட்டப் பார்வை வந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் சுமார் 30 பேருக்கே வந்தது. பையனைத் தெருவில் விளையாட விட்டுப் பெண்ணை வீட்டிற்குள் அடைக்கிறவர்கள், அவளுடைய கண்ணுக்கு நல்லதான பகல் வெளிச்சத்தையும் சேர்த்தே மறுக்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

கல்யாணத்திற்காக லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றிவிடுவதும் இப்போது நடக்கின்றது. வயது வந்த பெண் தன் சௌகரியத்திற்காக அதைச் செய்துகொண்டால் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் கண்ணாடி போனாலும் கண்ணின் நீளம் போவதில்லை. பவர் அதிகமுள்ளவர்களுக்கு விழித்திரை கிழிந்து விலகும் அபாயம் சிகிச்சைக்குப் பின்னும் உண்டு. திடீரென்று மின்னல் போல் வெளிச்சம் தெரிந்தாலும், கரும்புள்ளிகள் கூட்டமாய்ப் பறந்தாலும், திரை விழுந்தது போல் ஒரு பக்கம் மறைந்தாலும், நாள் நட்சத்திரம் பாராமல் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். கிட்டப் பார்வையை மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைத்தே பழகிய பெண் இதையும் மறைப்பாளானால், போகிறது அவளுடைய பார்வைதான்.

ஆகவே பெற்றோர்கள் குழந்தைகளுக்கு வருஷத்திற்கொருமுறை கண் பரிசோதனை செய்வித்து, சரியான பவரில் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும். புத்தகமானாலும் செல்போனானாலும் ஒரு அடிக்குக் குறையாத தூரத்தில் வைத்துப் பார்க்கவும், இடையிடையே தூரத்தைப் பார்க்கவும் பழக்க வேண்டும். கண்ணாடி போட்ட பெண் வேண்டாமென்று சொல்லும் வாலிபனிடம் பெண் வீட்டார் ஒரு வார்த்தை கேட்கட்டும்: "தம்பி, உமக்கு வேண்டியது உலகத்தைப் பார்க்கிற மனைவியா, நீர் பார்ப்பதற்கு மட்டும் ஒரு பதுமையா?" பதுமைதான் வேண்டும் என்பாரானால், அவரைப் பொம்மைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பெண்ணைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.