வெள்ளைக்காரன் கொடுத்த ரயில்

சிம்மக்கல் பக்கம் நாலு பேர் கூடி நாட்டு நடப்பைப் பேச ஆரம்பித்தால் போதும், "என்ன இருந்தாலும் ரயிலைக் கொடுத்தவன் வெள்ளைக்காரன் அல்லவா, சார்?" என்று ஒரு குரல் கிளம்பிவிடும். படித்தவர்களே இதைச் சொல்லும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொடுத்தானாம்! தர்மத்துக்கா கொடுத்தான்? ஆரம்பத்தில் ரயில் போட்ட சீமைக் கம்பெனிகளுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் நூற்றுக்கு 5 வட்டி உத்தரவாதம். குறைந்ததை ஈடுகட்டியது நம் வரிப்பணம். 1875இல் மதுரைக்கு ரயில் வந்தது. அந்தக் காலத்தில் என்ஜின் சீமைச் சரக்கு. தண்டவாளமும் சீமைச் சரக்கு. விற்றவன் அவன், வாங்கியவர்கள் நாம். கடைக்காரனைக் கர்ணன் என்று கும்பிடுகிறவர்கள் நம்மைத் தவிர வேறு யாராவது உண்டா?

"நமக்குச் செய்யத் தெரியாதே" என்பார்கள். 1895இலேயே அஜ்மீர் பட்டறையில் நம் தொழிலாளிகளின் கைபட்டு ஒரு என்ஜின் உருவாயிற்று. 1907இல் டாடா இரும்பு உருக்குக் கம்பெனி பிறந்தது. அதற்கு முன்பே ரயில்வே பெரிய அதிகாரி அப்காட் துரை, 'இவர்கள் செய்யும் தண்டவாளத்தை ராத்தல் ராத்தலாக நானே தின்கிறேன்' என்கிற மாதிரி ஏளனம் பேசியதாகச் சொல்வதுண்டு. 1912இல் அங்கே உருக்கு வார்த்தார்கள். முதல் உலக யுத்தத்தில் மெசபொடேமியாவுக்கு 1,500 மைல் தண்டவாளம் அந்த ஆலையிலிருந்துதான் போயிற்று. துரைக்கு அது ஜீரணமாகியிருக்குமா?

தண்டவாளம் செய்தாயிற்று, அடுத்து என்ஜின். ஜாம்ஷெட்பூர் அருகில் சிங்பூமில், சர்க்காரின் வாக்கை நம்பி 1921இல் பெனின்சுலர் லோகோமோட்டிவ் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஆர்டர்தான் வரவில்லை. கடைசியில் அந்தப் பட்டறையைச் சர்க்காரே வாங்கி, ரயில் பெட்டிக்கு அடிச்சட்டம் செய்ய விட்டது. ஆள் இருந்தார்கள், பட்டறை இருந்தது, பக்கத்திலேயே உருக்கு இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: 'உன் சரக்கை நான் வாங்குகிறேன்' என்று சொல்ல நமக்கென்று ஒரு சர்க்கார்.

டாடாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. முதலாளி லாபத்துக்குத்தான் தொழில் செய்வார். 1920லும் 1928லும் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்ததும் அதே ஜாம்ஷெட்பூரில்தான். அந்தக் கம்பெனியே 1924இல் கிடைத்த பாதுகாப்பு வரியால்தான் தலைதப்பியது. என் கட்சிக்கு அதுவும் சாட்சி. சர்க்காரின் துணை இல்லாமல் இளம் தொழில் பிழைக்காது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே சிங்பூம் பட்டறையை 1945இல் டாடாக்கள் வாங்கினார்கள். சுதந்திரம் வந்தது; ஆர்டரும் வந்தது. மீட்டர் கேஜ் பாதைகளுக்கு அங்கே என்ஜின்கள் செய்தார்கள். 1950இல் சித்தரஞ்சனும் என்ஜின் செய்யத் தொடங்கிவிட்டது. மூன்றே வருஷத்தில் நமக்கு மூளை முளைத்துவிட்டதா? கையைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது, அவ்வளவுதான்.

நீராவி என்ஜினைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு கும்பிடு போடுங்கள், நானும் போடுகிறேன். விலை வாங்கிக்கொண்டு விற்றவனுக்கு எதற்கு ஐயா கும்பிடு?