கிரிக்கில் ஓர் இரவு

மோட்டார் சைக்கிளில் தூரப் பயணம் என்றதும் பலர் கேட்பது, "எத்தனை சிசி?" என்றுதான். அந்த வண்டிக்கு வழியில் உள்ள சிற்றூரில் உதிரிபாகம் கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி. பெரிய மோட்டாருக்குப் பாகம் வர ஒரு வாரம்கூட ஆகலாம். கப்சாய்க்குக் கம்பத்துக் கடையிலும் டியூப், பிளக், செயின் எல்லாம் தொங்கும்.

போன நவம்பரில் ஈப்போவிலிருந்து கோத்தா பாருவுக்கு நானும் அலுவலகத் தம்பி ஒருவரும் ஆளுக்கொரு கப்சாயில் கிளம்பினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவருடைய அக்காவுக்கு வளைகாப்பு. கிளந்தானில் வெள்ளியும் சனியும்தானே வார விடுமுறை. கிழக்குக்கரையில் அது பருவமழைக் காலம் என்பது தெரிந்தேதான் போனோம்.

மேகம் கறுத்ததுமே நிறுத்தி மழைக்கோட்டைப் போட்டுவிட வேண்டும். நனைந்த பிறகு போட்டுப் பயனில்லை. காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை, கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மழையின் முதல் பத்து நிமிடம்தான் அதிகம் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் கிளம்பி வரும். டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்தால் பிடிக்காது. லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். நெடுஞ்சாலையில் மேம்பாலத்துக்கு அடியில், அவசரத் தடத்தில் மட்டும் நான் ஒதுங்குவதே இல்லை. கொட்டும் மழையில் பின்னால் வரும் காரோட்டியின் கண்ணுக்கு நாம் தெரியமாட்டோம். மோட்டாருக்கென்றே கட்டிய கூரை வரும்வரை மெதுவாகப் போவதே மேல்.

கிரிக்கை நெருங்கும்போது தம்பியின் பின்சக்கரத்தில் கரகரவென்று சத்தம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடியது. பேரிங் போய்விட்டது. மணி நான்கு. மோட்டார் கடைப் பாக்சிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் துருத்தண்ணீர். அரை மணியில் மாற்றிவிட்டார், 35 ரிங்கிட்.

"அண்ணே, இப்பவே விட்டா ராத்திரிக்குள்ள போயிடலாம்" என்றார் தம்பி. அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தாய்மாமன் ஆகப் போகிறவர்.

கிரிக்கிலிருந்து ஜெலிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைச்சாலை. தெமெங்கோர் ஏரியைக் கடந்தால் காடுதான். யானை கடக்கும் என்ற பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. ஏழு மணிக்கே இருட்டிவிடும், பல இடங்களில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. பாக்சிக் மலைப்பக்கம் கையைக் காட்டினார். மேகம் பாதி மலையை மூடியிருந்தது. "காலையில் போங்கள்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

நான் தங்குவோம் என்றேன். தம்பி அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. அக்காவிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, "திட்டறாங்க" என்றார். நியாயம்தான். ஆனால் மழையில், இருட்டில், இன்னொரு பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது?

காலை ஏழு மணிக்குப் பனிமூட்டத்தில் கிளம்பினோம். ஒரு வளைவில் சாலை நடுவே யானைச் சாணம், ஆவி பறக்க. தம்பி வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் எதுவும் சொல்லவில்லை. ஜெலியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வழியில் பார்த்த இரண்டு மோட்டார் கடைகளும் வெள்ளிக்கிழமை என்று மூடிக் கிடந்தன.

போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. வளையல் போட்டு முடித்துச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையலோடு வாசலுக்கு வந்த அக்கா, சேறு அப்பிய தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"முதல்ல போய்க் குளிடா" என்றார்.